மறுவும் நுண்பெருக்காடியும்

தமிழில் ‘மறு’ என்னும் சொல் புகழுக்கும் நின்றது, பழிக்கும் நின்றது. திருமாலின் மார்பில் விளங்கும் அடையாளத்தைத் ‘திருமறு’ என்று போற்றினர். நிலவில் தெரியும் கறையும் மறுவே. குடிமை அதிகாரத்தில் வள்ளுவர், நற்குடியிற் பிறந்தாரிடத்துத் தோன்றும் குற்றத்துக்கு அந்த நிலவின் மறுவை உவமையாக்கினார். ‘மாசு மறுவற்ற’ என்னும்போது அதே சொல் குறையைச் சுட்டுகிறது. பிற்காலப் பேச்சில் அதன் இடத்தை ‘மச்சம்’ பிடித்துக்கொண்டது. இடையின ரகரமிட்டு ‘மரு’ என எழுதினால், இக்கால வழக்கில் அது தோலில் தடித்தெழும் பாலுண்ணியைக் குறிக்கும். மாணவர் ஏடுகளில் இவ்விரண்டும் இடம் மாறிக் கிடப்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். மலாய் மொழியோ இதில் கவிதைக்கு இடமே வைக்கவில்லை; மச்சத்தை ‘தாஹி லாலாட்’, அதாவது ஈயின் எச்சம் என்று சொல்லி முடித்துவிட்டது.

மச்சத்தைப் பார்த்துப் பலன் சொல்லும் சாமுத்திரிகக் கலை தமிழர்க்குப் பழையது. சீனரிடமும் அத்தகைய கலை உண்டு. ஆகவே மலாக்கா நகர வீதிகளில் இரு மரபினரும் ஒருவர் முகத்து மச்சத்தை ஒருவர் படித்துக்கொள்ள இயலும். அரசாங்கமும் தன் வழியில் மச்சத்தைப் படித்தது. நேட்டாலுக்கும் பிஜித் தீவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழரின் பதிவுகளில், பெயர், தந்தை பெயர், சாதி, ஊர் ஆகியவற்றுடன் உடலின் அடையாளங்களும் எழுதப்பட்டன. கையெழுத்திடத் தெரியாதவனுக்கு அவன் தோலே கையெழுத்தாயிற்று. தமிழ்நாட்டுப் பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்னும் பத்தி அந்த வழக்கத்தின் உறவினரே. வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்கையில் ஒரு தழும்பு எனத் தலைமையாசிரியர் எழுதும்போது, அம்மச்சம் என்றும் அங்கேயே, அப்படியே இருக்கும் என்பது அவரது நம்பிக்கை.

மருத்துவம் இந்த நம்பிக்கையைத் திருப்பிப் போட்டது. மாறாத மச்சம் மருத்துவனுக்குப் பொருட்டன்று. வளர்கின்ற, நிறம் கலைகின்ற, ஓரம் கிழிந்த இலைபோல் ஆகின்ற, குருதி கசிகின்ற மச்சமே அவனுக்குப் பொருள். அதை வெட்டி எடுத்து நுண்பெருக்காடியின் கீழ் வைத்துப் பார்த்துத்தான் அது வெறும் மறுவா, கரும்புற்றா எனத் துணிய முடியும். வெட்டிய நாளுக்கும் துணிபு வரும் நாளுக்கும் இடையே ஒரு காத்திருப்பு உண்டு. அக்காத்திருப்புக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. மலாக்காத் தோட்டத் தமிழரின் வாழ்விலும் அதற்கு ஒரு பக்கம் உண்டு.

181 ஆண்டுகள் காத்திருந்த துண்டு

கருநிறக் கட்டிகளைப் பற்றிய குறிப்புகள் கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே உள்ளன. ஆயினும் ஒரு துண்டு கையில் கிடைத்து, அது இன்றும் இருக்கும் கதை 1787-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், 35 வயது ஆடவர் ஒருவரின் கீழ்த்தாடைக்குப் பின்னிருந்து ஒரு கட்டியை அறுத்தெடுத்தார். அஃது இன்னதென்று அவருக்குத் திட்டமாகத் தெரியவில்லை. காளான்போல் எழுந்த புற்று வகை என எண்ணிச் சாடியில் இட்டுப் பாதுகாத்தார். அவர் திரட்டிய பொருட்காட்சி பின்னர் இலண்டன் அறுவை மருத்துவர் கல்லூரிக்கு வந்தது. 1941-இல் செருமானியரின் குண்டு அக்கட்டடத்தின்மேல் விழுந்து பல சாடிகள் அழிந்தன. இந்தச் சாடி தப்பியது. 1968-இல்தான் அத்துண்டை நுண்பெருக்காடியில் வைத்துப் பார்த்தனர். அது கரும்புற்று எனத் தெரிந்தது. நோயாளியும் போய், மருத்துவரும் போய், 181 ஆண்டுகள் கழித்து அறிக்கை வந்தது.

ஹண்டருக்குப் பின் வந்தவர்கள் நோய்க்குப் பெயர் தேடினர். இதயத்துடிப்புமானியைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், 1804-இல் ஆற்றி 1806-இல் வெளியிட்ட உரையில் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். இங்கிலாந்தில் ஒரு சிற்றூர் மருத்துவரான வில்லியம் நோரிஸ் 1820-இல் ஒரு நோயாளியின் வரலாற்றை விரிவாக எழுதினார். அந்நோயாளியின் தந்தையும் இத்தகைய நோயால் இறந்தவர் என்பதைக் குறித்து, இது குடும்பவழி வரலாம் என்றும் சொன்னார். நகரத்துப் பேராசிரியர்கள் காணாததை ஊர் மருத்துவர் கண்டதற்குக் காரணம் எளிது: அவருக்குக் குடும்பம் முழுவதும் தெரியும்.

1858-இல் செருமானிய அறிஞர் விர்ச்சோ, நோய் என்பது உயிரணுவில் நிகழும் மாற்றமே என நிறுவினார். 1879-இல் பாரிசுத் தோல் மருத்துவர் பெனியே, உயிருள்ளவரிடமிருந்து திசு எடுத்துப் பார்க்கும் முறைக்கு ‘பயாப்சி’ என்னும் பெயரை வழங்கினார். தமிழில் திசு ஆய்வு என்பர். எட்டே ஆண்டுகளில் அம்முறைக்கு ஒரு பேரிடர் நேர்ந்தது. 1887-இல் செருமானியப் பட்டத்திளவரசர் பிரெடரிக்கின் குரல்வளையில் ஒரு கட்டி தோன்றியது. உள்நாட்டு மருத்துவர் பெர்க்மான் அறுவை செய்ய ஆயத்தமானார். இலண்டனிலிருந்து வந்த மக்கென்சி, முதலில் துணுக்கெடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். துணுக்குகளை ஆய்ந்தவர் வேறு யாருமல்லர், விர்ச்சோவே. புற்று இல்லை என்று அவர் எழுதினார். அறுவை நிறுத்தப்பட்டது. மறுமாண்டு பேரரசராக முடிசூடிய பிரெடரிக் 99 நாள் ஆண்டு, 1888 சூன் 15-இல் புற்றுநோயால் மாண்டார். கண்ணாடியில் கண்டது பொய்யா, அல்லது நோயில்லாத இடத்துத் துணுக்கை எடுத்துத் தந்தார்களா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. ஐயமான மச்சத்தை ஓரத்தில் கிள்ளி எடுக்காமல், இயன்றவரை முழுமையாக, சுற்றிச் சிறிது நல்ல தோலுடன் எடுக்கவேண்டும் என்று இன்று மருத்துவர்கள் வற்புறுத்துவதன் பொருளை இந்தக் கதை விளக்கும்.

பால்மரக் காட்டில்

மலாக்காவில் டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் காடுகள் அழிந்து பால்மரங்கள் வந்தபோது, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் வந்தனர். 1923-இல் வந்த தொழிலாளர் சட்டங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விக்கும் தொழிலாளரின் மருத்துவத்துக்கும் நிருவாகத்தைப் பொறுப்பாக்கின. தோட்டத் தமிழ்ப்பள்ளியும் தோட்ட மருந்தகமும் ஒரே சட்டத்தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டையும் வளர்த்தவர்கள் பெரும்பாலும் ஒற்றை ஆட்கள்: அங்கே ஓர் ஆசிரியர், இங்கே ஒரு டிரெஸர்.

டிரெஸரின் மேசைக்கு வந்த தோல் நோய்களில் படையும் சொறியும் புண்ணும் மிகுதி. ஆனால் லயத்தையே நடுங்கவைத்தது வேறொன்று: உணர்ச்சியற்ற, வெளிறிய தேமல்போன்ற தடம். அது பெருநோயாக இருக்கலாம். தொழுநோய்க் கிருமியை நார்வே மருத்துவர் ஆன்சன் 1873-இல் கண்டுபிடித்திருந்தார். காதுமடலிலோ தடத்திலோ சிறு கீறல் இட்டு, அதன் சாற்றைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சிவப்புச் சாயமேற்றி, அமிலத்தால் கழுவிப் பார்த்தால் கிருமி சிவந்த குச்சிபோல் நிற்கும். மலாயாத் தமிழன் தன் தோலின் துளியைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருந்த முதல் பெருங்காத்திருப்பு இதுவே எனலாம். அவன் அஞ்சியது சாவை அன்று. குச்சிகள் தெரிந்தால் வீட்டைவிட்டுப் போகவேண்டும், அதற்கே அஞ்சினான்.

எங்கே போவது? 19-ஆம் நூற்றாண்டில் மலாக்காக் கடலோரத்துப் பூலாவ் செரிம்பூன் தீவு தொழுநோயாளரை ஒதுக்கிவைத்த இடமாக இருந்தது. பினாங்கையடுத்த ஜெரெஜா தீவும் அவ்வாறே. 1930-இல் சிலாங்கூரில் சுங்கை பூலோக் குடியிருப்பு திறக்கப்பட்டது. தீவுச்சிறையைப் போலன்றித் தோட்டமும் வீடும் உள்ள ஊராக அதை அமைக்கவேண்டும் என்று பாடுபட்டவர் மருத்துவர் டிராவெர்ஸ். நோக்கம் நல்லது. ஆயினும் வெளியுலகக் காசில் நோய் தொற்றும் என்ற அச்சத்தால் 1936-இல் அவ்வூருக்கென்றே தனிப் பணத்தாள் அச்சிட்டனர். அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தனர். ‘நம்பிக்கைப் பள்ளத்தாக்கு’ என அவ்வூர் பெயர் பெற்றது. பெயர் வைத்தவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்த தாயைக் கேட்டு வைத்திருக்கமாட்டார்கள்.

அங்குதான் சல்போன் மருந்து மலாயாவில் வேரூன்றியது. மருத்துவர்கள் மோல்ஸ்வொர்த்தும் நாராயணசாமியும் ஒரு நூறு நோயாளிகளுக்கு ஓராண்டு அம்மருந்தைக் கொடுத்துக் கண்ட பயனை 1949-இல் வெளியிட்டனர். மருந்து வந்தபின் காத்திருப்பின் முகமே மாறியது. முன்பு கிருமி இருக்கிறதா என்று காத்திருந்தனர். இப்போது கிருமி போய்விட்டதா என்று காத்திருந்தனர். தோலைக் கீறிப் பார்க்கும் சோதனை மாதங்கள்தோறும் நடந்தது. ‘நெகட்டிவ்’ என்ற ஆங்கிலச் சொல் எதிர்மறை எனப் பொருள்படுவது. சுங்கை பூலோவில் அதைவிட இனிய சொல் வேறில்லை. தொடர்ந்து ‘நெகட்டிவ்’ வந்தவர் வீடு திரும்பலாம். 1964-இல் பெட்டிட், ரீஸ் என்னும் இருவர், சல்போனுக்கு அடங்காத கிருமிகளும் உண்டு என்பதைச் சுங்கை பூலோ நோயாளிகளிடமிருந்தே மெய்ப்பித்தனர். ஆக, உலக மருத்துவ நூல்களில் ஏறியிருக்கும் ஒரு பேருண்மைக்கு அவ்வூர் மக்களின் தோலே ஏடாயிற்று. பின்னர் வந்த கூட்டுமருந்து முறையால் நோய் பெரிதும் அடங்கிற்று.

தோட்டத்து முதியோரில் சிலர், ‘தோலை வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பணும்’ என்றவுடன் முகம் வெளிறுவதற்கு இந்தப் பழைய நினைவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. மச்சத்துக்கும் பெருநோய்க்கும் தொடர்பே இல்லை. நினைவுக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை.

கோலாலம்பூரில் 1900-இல் நோய்க்கூற்று ஆய்வகமாகத் தொடங்கி, மறுமாண்டே மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர் பெற்ற நிறுவனம், 1928-இல் பகாங் சாலைக் கட்டடத்துக்கு வந்தது. மலாக்கா அப்போது பினாங்கு, சிங்கப்பூருடன் சேர்ந்த நீரிணைக் குடியேற்றம். நிருவாகம் சிங்கப்பூரை நோக்கியிருந்தது. போருக்குப் பின்னரே அது கோலாலம்பூர்ப் பக்கம் திரும்பியது. 1905-இல் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு வந்த இரயில் பாதையைச் சப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுபோயினர். அதே பாதைக்குத் தோட்டத் தமிழரையும் கொண்டுபோயினர், எண்ணற்றோர் திரும்பவில்லை. தண்டவாளமும் மலாக்கா நகருக்கு இன்றுவரை திரும்பவில்லை.

உள்ளங்காலின் கருமை

மச்சத்தில் எழும் கரும்புற்று வெள்ளையரிடம் மிகுதி. தமிழரிடமும் மலாயரிடமும் சீனரிடமும் அரிது. இதைக் கேட்டு ஆறுதல் கொள்வோர் அடுத்த செய்தியையும் கேட்கவேண்டும். கருநிற மக்களுக்கு அந்நோய் வரும்போது, அதில் பெரும்பங்கு வெயில் படும் முகத்திலோ முதுகிலோ வருவதில்லை. உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருகிறது. இவ்வகையை 1976-இல் அமெரிக்க நோய்க்கூற்றறிஞர் ரீட் தனியாக வகுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டே உலகப் புகழ்பெற்ற ஜமைக்காப் பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் அது காணப்பட்டது. பந்தாட்டத்தில் பட்ட காயம் என்றே முதலில் எண்ணப்பட்டது. 1981-இல் தம் 36-ஆம் வயதில் அவர் இறந்தார்.

பந்தாட்டக்காரனுக்கு அடி, பால்வெட்டுக்காரிக்கு முள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெறுங்காலோடோ தேய்ந்த செருப்போடோ மரத்துக்கு மரம் நடந்தவளின் உள்ளங்காலில் ஒரு கருமை தோன்றினால், அதைக் கட்டை குத்திய வடு என்பதே இயல்பான விளக்கம். உள்ளங்காலை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? பள்ளிச் சான்றிதழிலும் உள்ளங்கால் மச்சத்தை யாரும் எழுதியதில்லை. ‘காலில் மச்சம் இருந்தால் ஊர் சுற்றுவான்’ என்று சிரித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. கடல் கடந்து வந்த குடிக்கு அது பொருத்தமான பலன்தான்.

இன்னொரு வழக்கம் சிரிப்புக்குரியதன்று. வேண்டாத மச்சத்தைச் சுண்ணாம்பும் சோடாக் காரமும் குழைத்து எரிப்பதும், மயிரால் கட்டி அறுப்பதும் தமிழ் வீடுகளில் நெடுங்காலம் நடந்தவை. சாதாரண மறுவாயின் ஒரு தழும்போடு போகும். தீய மறுவாயின், மேலே எரிந்து மறைந்து, அடியில் வளரும். பின்னால் வெட்டிப் பார்க்கும் அறிஞருக்கும் தழும்பே குழப்பமாகும். ‘கத்தி பட்டால் புற்று பரவும்’ என்ற அச்சமும் இதனோடு கைகோத்தது. முறையாக எடுக்கும் திசு ஆய்வால் நோயாளியின் ஆயுள் குறைவதில்லை என்று ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன.

எவ்வளவு ஆழம் என்பதே கேள்வி. 1970-இல் வாசிங்டன் நகரத்து அலெக்சாண்டர் பிரெஸ்லோ, கரும்புற்றின் தடிப்பை மில்லிமீட்டரில் அளந்தால் நோயாளியின் எதிர்காலம் தெரியும் என்று காட்டினார். 0.76 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை அவர் ஆய்ந்தவரிடம் திரும்பி வரவில்லை. தாள்கள் சிலவற்றின் கனமே அது. அந்தக் கனத்துக்குள் பிடித்துவிட்டால் பெரும்பாலும் கத்தியே மருந்து. அதைக் கடந்து பல மில்லிமீட்டர் இறங்கிவிட்டால் கதை வேறு. ஆதலின் காத்திருப்பு இருவகைப்படும். வெட்டிய பின் அறிக்கைக்காகக் காத்திருக்கும் சில நாட்களோ ஓரிரு வாரங்களோ மனத்தை வருத்தும். உடலுக்குப் பெரிதாகத் தீங்கு செய்யா. வெட்டுமுன் ‘தீபாவளி போகட்டும்’, ‘பிள்ளை பரீட்சை முடியட்டும்’ எனக் கழியும் மாதங்கள் வலிப்பதில்லை, கொல்வது அவையே. மக்கள் அஞ்சுவது முன்னதற்கு.

இதில் தொழிலாளியை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. நாட்கூலிக்கு உழைத்தவன் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. தோட்டத்திலிருந்து ஜாசினுக்கு, ஜாசினிலிருந்து மலாக்காவுக்கு எனப் பேருந்து மாறிப் போய் வர ஒரு பகல் முடிந்துவிடும். முதலில் காட்ட ஒரு நாள், வெட்ட ஒரு நாள், அறிக்கை வாங்க ஒரு நாள். 1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலோ நிலைமையை மேலும் கெடுத்தது. பெருந்தோட்டம் சிறு துண்டுகளாக விற்கப்பட்டபோது, லயமும் மருந்தகமும் ஆதரவின்றி நின்றன. பேராசிரியர் உங்கு அசிஸ் 1962-இல் இதை ஆராய்ந்து எழுதினார். துண்டாடலுக்கு மாற்றாகத் துன் சம்பந்தனின் முயற்சியால் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1965-இல் வந்தது. அதற்குப் பின் தோட்டங்களே அருகின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தமிழர் பலர் நகர்ப்புறம் பெயர்ந்தனர். டிரெஸரின் மேசை போன இடத்தில் அரசாங்கச் சுகாதார நிலையம் இருக்கிறது. ஆனால் டிரெஸருக்குத் தெரிந்ததுபோல் அங்கு யாருக்கும் குடும்பம் தெரியாது. நோரிஸ் கண்டதைக் காண அந்தப் பழக்கம் வேண்டும்.

மெழுகும் சாயமும்

அறிக்கைக்கு ஏன் இத்தனை நாள் என்று கேட்பவர்க்கு விடை ஆய்வகத்தில் உள்ளது. வெட்டிய துண்டு உடனே பார்மலினில் இடப்படும். 1893-இல் பெர்டினாண்ட் புளூம் கண்ட முறை இது. திசு அழுகாமல் உறைந்து நிற்க பல மணி நேரம் பிடிக்கும். பின் படிப்படியாகச் சாராயத்தில் ஊறி நீர் நீங்கவேண்டும், சைலீனில் தெளியவேண்டும், உருகிய மெழுகு உள்ளே புகுந்து இறுகவேண்டும். அந்த மெழுகுக் கட்டியைச் சீவுவர். ஒவ்வொரு சீவலும் நான்கைந்து மைக்ரோமீட்டர். குருதியின் சிவப்பணு ஒன்றின் அகலமே ஏழு என்றால் அதன் மென்மை விளங்கும். நடு அமெரிக்கக் காட்டு மரமொன்றின் வயிரத்திலிருந்து பிறந்த ஹிமட்டாக்சிலின் சாயம் அணுக்கருவை நீலமாக்கும். இயோசின் மற்றதைச் செம்மையாக்கும். இதற்கு மேல்தான் படிப்பு.

அறுவை அறையிலேயே திசுவை உறையவைத்துச் சில நிமிடங்களில் விடை சொல்லும் முறையை 1905-இல் மேயோ மருத்துவமனையின் லூயி வில்சன் வகுத்தார். மச்சத்துக்கு அது ஒத்துவராது. உறைந்த திசுவில் அணுக்கள் உருக்குலைந்து ஐயம் கூடும். மெழுகுச் சீவலிலும் ஐயம் வரும். 1948-இல் சோபி ஸ்பிட்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடியில் புற்றைப்போலவே தோன்றும் குழந்தைகளின் மச்சங்களை விவரித்தார். அவை பெரும்பாலும் தீங்கற்றவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இத்தகைய மச்சம் வந்தால் ஓர் அறிஞர் மற்றோர் அறிஞரிடம் கேட்பார். சிறப்புச் சாயங்கள் ஏற்றிப் பார்ப்பார். மேலும் சில நாள் கழியும். தாமதமான அறிக்கையெல்லாம் தீய அறிக்கை என்று உறவினர் முடிவுகட்டிக்கொள்வது வழக்கம்; அதற்கு ஆதாரமில்லை.

வெட்டி எடுக்கப்படும் மச்சங்களில் மிகப்பல தீங்கற்றவையே. அத்தகைய அறிக்கையில் ‘நெகட்டிவ்’ என்று இராது. ‘நீவஸ்’ என்று இருக்கும். அஃது இலத்தீன் சொல். மறு என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் வரும் இத்தாளை மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்ல, கூட வந்த மகனோ மகளோ தமிழில் எடுத்துச் சொல்கிறார்கள். ‘நீவஸ்’ என்பதைப் பெரியதொரு நோயின் பெயராக எண்ணி மயங்கியவர்களும் இருக்கக்கூடும்.

முகத்துத் தையலை ஒரு வாரத்துக்குள் பிரித்துவிடலாம். உள்ளங்காலில் இட்ட தையல் ஏறத்தாழ இரண்டு வாரம் இருக்கவேண்டும். தையல் பிரிக்க வரும் நாளையே அறிக்கை வாங்கும் நாளாகக் குறித்துக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். அதுவரை அக்காலை ஊன்றி வேலைக்குப் போகலாகாது.